பம்ப் சரியான பிறகு

காரில் கியர் மாற்றுகிற அந்த பம்பைப் பிரித்துப் பூட்டுவது கியர்பாக்ஸ் மெக்கானிக்குக்கு இரண்டு நாள் வேலை. அவர் மாதக்கணக்கில் இழுத்தடித்தார். வேலை கைவராததால் அல்ல, கார் அவருடைய தங்கையுடையது.

கிளட்ச் மிதி இல்லாத ஸ்போர்ட்ஸ் கார் அது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரலால் தட்டினால் போதும். பம்ப் எண்ணெயை அழுத்தித் தள்ளிக் கியரை மாற்றிவிடும். வீட்டில் எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டு, தன் சம்பாத்தியத்தில் அவள் வாங்கிய பழைய வண்டி. பம்ப் மோட்டார் படுத்துக்கொண்ட சமயத்தில்தான் அவள் கண்ணும் மங்கத் தொடங்கியது. முதலில் ஓரங்கள் போயின, பிறகு நடுவும். கண் டாக்டர் கைவிரித்துவிட்டார்.

"எங்கம்மா உன் வண்டியைக் காணோம்?" என்று யாராவது கேட்டால், "பம்ப் போயிடுச்சு, அண்ணன் பாத்துட்டிருக்காரு" என்பாள். அது காதில் விழும்போதெல்லாம், மாட்டப்போன ரப்பர் சீல் வளையத்தை அண்ணன் மறுபடி தட்டிலேயே போட்டுவிடுவார். பம்ப் மேஜைமேல் திறந்து கிடக்கிறவரை, வண்டி நிற்பதற்கு பம்ப்தான் காரணம்.

ஒருநாள் காலையில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். மேஜைமேல் கிடந்தவற்றை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"மோட்டாருக்குக் கார்பன் புதுசு. பேரிங்கும் மாத்திட்டே. இன்னும் என்னண்ணா பாக்கி?"

"சீல் வரணும்."

"சீல் என் கையில இருக்கு."

அவர் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார்.

"பூட்டிடுண்ணா. பம்பை வித்துடலாம்."

"அப்ப வண்டி?"

"அதுவும் ஒருநாள் போகும். முதல்ல இது போகட்டும். எனக்குப் பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு."

வாங்க வந்தவர் ஒரு பல் டாக்டர். அதே மாதிரி கார், அதே கோளாறு. வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்திருந்தார். பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'ஆ காட்டு' என்று சொல்லாததுதான் குறை.

"பிரிச்சுப் பண்ணதுன்னா தாங்குமா?" என்று கேட்டார்.

ஊருக்கெல்லாம் மணிக்கணக்கில் விளக்குகிற மெக்கானிக் ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்தார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தங்கைதான் சொன்னாள்: "தாங்கும் சார். நான் ஓட்டறதுக்குன்னு பண்ணது. ஏனோதானோன்னு இருக்காது."

"அப்புறம் ஏம்மா விக்கிறீங்க?"

டாக்டர் போகிறபோக்கில்தான் கேட்டார். மெக்கானிக் கையில் ஸ்பானர் நின்றது. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று அவர் தொண்டையைக் கனைப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"எனக்குக் கண் தெரியல சார்."

வெளியாள் யாரிடமும் அவள் அதுவரை சொன்னதில்லை. டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு பம்பையே பார்த்தார்.

பம்பை டாக்டர் வண்டியில் மாட்டி, எண்ணெய் ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றையும் எடுத்து முடித்தார் மெக்கானிக். டாக்டர் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். சாவி போடுவதற்கு முன்பே பம்ப் தானாக 'ர்ர்ர்' என்று உறுமி அடங்கியது. கதவைத் திறந்தால் அப்படித்தான், அழுத்தம் ஏற்றிக்கொள்ளும். தங்கை சட்டென்று எழுந்து நின்றாள்.

"ஒரு ரவுண்டு வர்றீங்களாம்மா? பக்கத்துல உக்காந்துக்கோங்க" என்றார் டாக்டர்.

"வேண்டாம் சார். பக்கத்துல உக்காந்து எனக்குப் பழக்கமில்ல."

வண்டி கிளம்பியது. கியர் வெண்ணெய்போல் விழுந்தது. ஒவ்வொரு தடவை விழும்போதும், தொங்கிக்கொண்டிருந்த அவள் கையில் ஒரு விரல் அசைந்ததை அண்ணன் பார்த்தார். அதற்குமேல் அவரால் அங்கே நிற்க முடியவில்லை. கை கழுவுகிற சாக்கில் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டார்.

வெகுநேரம் கழித்து வெளியிலிருந்து குரல் வந்தது: "அண்ணா, போதும். தண்ணி வீணாகுது."

பிறகு சீட்டு, விளக்கு, சக்கரம் என்று அவள் வண்டியும் துண்டு துண்டாகப் போயிற்று. ஸ்டீயரிங்கை ஒருவர் கேட்டபோது, அதைக் கொடுப்பதற்கில்லை என்று மெக்கானிக் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார். தங்கைதான் அந்த ஆளைத் திரும்பக் கூப்பிட்டனுப்பி, கழற்றிக் கொடுக்கச் சொன்னாள். அவர் கழற்றிக் கொடுத்தார். அன்றைக்கு மட்டும் அவள் பட்டறைப் பக்கம் வரவில்லை.