எர்மெக்கைக் காப்பாற்றிய ஹெல்மெட்

எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் தலையில் ஹெல்மெட்டை ஏற்ற எனக்கு மூன்று வருஷம் ஆனது. ஏற்றியதில் ஒன்றை மறுபடி இறக்க அதைவிடப் படாதபாடு பட வேண்டியிருக்கும் என்று யாராவது அப்போதே சொல்லியிருந்தால், பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியை வேலையை உதறிவிட்டு அண்ணனோடு உருளைக்கிழங்கு நடப் போயிருப்பேன்.

சனிக்கிழமை தோறும் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் தார்த் தளத்தில் சைக்கிளும் ஸ்கேட்டிங்கும் சொல்லிக்கொடுக்கிறேன். சொல்லிக்கொடுப்பதாவது, கத்துகிறேன். ஒரே சைக்கிளில் மூன்று பேர் ஏறாதே. அப்பாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போடாதே. ஸ்கேட்டிங் ஷூவோடு, கராகோல் நகரத்துக்குப் போகும் வேனின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு போகாதே. விழப்போகிறாய் என்று தெரிந்தால் முட்டியை மடக்கி முன்னால் விழு, பின்னால் சாயாதே. இதில் ஒன்றைக்கூட இவர்கள் ஒரே தடவையில் கேட்டதில்லை. "தலையில சட்டியக் கவுத்துக்கிட்டுப் போறான் பாரு, எங்க வீட்டுச் சுல்தான்" என்று அப்பன்மார்களின் நக்கல் வேறு. குதிரையில் ஏறிப் பழகிய ஆண்களுக்கு ஹெல்மெட் என்றால் கோழைத்தனம்.

ஏப்ரலில் ஒன்பது வயது எர்மெக் மருத்துவமனைச் சரிவில் சைக்கிளில் இறங்கினான். பாதியில் பிரேக் கம்பி அறுந்துவிட்டது. பையன் பறந்துபோய் வாய்க்காலின் சிமெண்டு விளிம்பில் தலை மோத விழுந்தான். ஹெல்மெட் முன்னாலிருந்து பின்னால் வரை விரிசல் விட்டது. அவனோ எழுந்து உட்கார்ந்து, "எஜே, சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று என்னைக் கேட்டான். எஜே என்றால் அக்கா. ஆசிரியைகளை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

அதற்கப்புறம் செய்ததுதான் என் தப்பு. திங்கட்கிழமை காலை, பிள்ளைகளும் பெற்றோரும் கூடியிருந்த இடத்தில் அந்த ஹெல்மெட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன்.

"நல்லாப் பாருங்க! எர்மெக்கக் காப்பாத்துனது இதுதான்!"

இன்னும் ஒரு வாக்கியம் பாக்கி இருந்தது. ஒரு தடவை அடி வாங்கிய ஹெல்மெட் அதோடு சரி, குப்பைக்குத்தான் போக வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எர்மெக்கின் அம்மா சொனுன் அழுதுகொண்டே ஓடி வந்து, அதை என் கையிலிருந்து வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். என் வாக்கியம் அந்தக் கைதட்டலில் அமுங்கிப்போனது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரிதான், ஆனால் வாயை முழுக்கத் திறக்காமல் கெட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எங்கள் ஜனங்களுக்கு ஒரு வழக்கம். தொண்ணூறு வயது வாழ்ந்தவரின் கிண்ணம், சட்டை, கைக்குட்டை எதுவானாலும் கேட்டு வாங்கிப்போய் வீட்டில் வைத்துக்கொள்வார்கள். அந்த ஆயுள் நம் பிள்ளைக்கும் ஒட்டும் என்று நம்பிக்கை. இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது மறந்துபோனதே, அதைச் சொல்லுங்கள். சொனுன் ஆடு அறுத்து விருந்து வைத்தாள். மூத்தவர் உட்காரும் இடத்தில் பூவேலை செய்த திண்டு போட்டு ஹெல்மெட்டை வைத்திருந்தாள். எனக்கு அதன் பக்கத்து இடம். அன்றைக்கு முழுக்க அதனோடு உட்கார்ந்துதான் கறி தின்றேன்.

மறுவாரமே இரவல் ஆரம்பித்தது. முதன்முதலாக சைக்கிள் பழகும் பிள்ளை அந்த ஹெல்மெட்டைப் போட்டுத்தான் ஏற வேண்டுமாம். வீடு வீடாகப் போய் விளக்கினேன். "வெளிய பாக்க நல்லாத்தான் இருக்கும், உள்ள இருக்கற தெர்மாகோல் நசுங்கிப்போச்சு. இன்னொரு அடி விழுந்தா அது தாங்காது." தேநீர் கொடுத்தார்கள், ஆப்ரிகாட் ஜாம் கொடுத்தார்கள், தலையை ஆட்டினார்கள். அடுத்த சனிக்கிழமை விரிசலில் பசை தடவி, மேலே நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வந்தார்கள்.

"பாருங்க எஜே, புதுசு மாதிரி ஆக்கிட்டோம்!"

செவிடன் காதில் சங்கு ஊதினால் அவனாவது ஊதுகிறவளைப் பரிதாபமாகப் பார்ப்பான். இவர்கள் ஜாம் கொடுக்கிறார்கள்.

ஜூன் முதல் தேதி குழந்தைகள் தினம். பிள்ளைகள் சைக்கிளிலும் ஸ்கேட்டிலும் அதே மருத்துவமனைச் சரிவில் இறங்கிப் பூங்காவுக்குப் போக வேண்டும் என்று விழாக் குழு முடிவு செய்தது. சரிவு வேண்டாம் என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். மேடை கீழேதான் போட்டிருக்கிறார்கள் என்று பதில் வந்தது. சரி, ஹெல்மெட்டாவது ஒழுங்காக இருக்கட்டும் என்று பார்த்தால், விழாவுக்கு இரண்டு வாரம் முன்னால் ஜிபெக் அந்த விரிசல் ஹெல்மெட்டோடு வந்து நிற்கிறாள்.

ஜிபெக்குக்கு ஏழு வயது. என்னிடம் ஸ்கேட்டிங் பழகுகிறவர்களில் அவள்தான் வேகம், அவளுக்குத்தான் பயமும் இல்லை. அவள் தலையை நாடா வைத்து அளந்து நானே கராகோலில் சிவப்பு ஹெல்மெட் வாங்கி வந்திருந்தேன். அது இப்போது எர்மெக்கின் தலையில் இருந்தது. அவள் அம்மா புருல் அதைச் சொனுனிடம் கொடுத்துவிட்டு உடைந்ததை மாற்றி வாங்கியிருந்தாள்!

"புருல், உனக்கு மூளை கீளை இருக்கா?"

"கோச்சுக்காதீங்க எஜே. பதினோரு வருஷம் காத்துக் கெடந்து பெத்த புள்ள. மத்தவங்க புள்ளைக்குப் புதுசு போதும். எம்புள்ளைக்கு ஒரு உசுரக் காப்பாத்திக் காட்டுனதுதான் வேணும்."

"காப்பாத்துச்சு, காப்பாத்திட்டுச் செத்துப்போச்சு!"

கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். புருலின் முகம் வெளுத்துப்போனது.

"செத்துப்போச்சா?"

"ஆமா. அந்தப் பையனுக்கு வந்த சாவ அது வாங்கிக்கிச்சு. செத்ததப் போயி உம்பொண்ணு தலையில உக்கார வெச்சிருக்க. போ, கழட்டு!"

கழற்றினாள். ஆனால் மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் புருலும் சொனுனும் என் வீட்டு வாசலில் நின்றார்கள். சொனுனுக்குக் கண் சிவந்திருந்தது.

"எம்பையனோட ஹெல்மெட்டு செத்துப்போச்சுன்னு சொன்னீங்களாமே எஜே."

சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நானும் இடுப்பில் கை வைத்தேன். "ஆமா, சொன்னேன். செத்து ஒண்ணரை மாசமாச்சு."

"அப்ப ஒண்ணரை மாசமா அதை அடக்கம் பண்ணாமலா வெச்சிருக்கோம்?" என்று அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

எனக்குச் சட்டென்று வழி தெரிந்தது. நிறைவாக வாழ்ந்த பெரியவர் போய்விட்டால், துணியைக் கிழித்து வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு துண்டு கொடுப்போம். அதைப் பிள்ளைகளின் உடுப்பில் தைத்துக்கொள்வார்கள். "அப்ப இதையும் அறுத்து ஆளுக்கொரு துண்டு குடுத்துருவோம்," என்றேன். "ஏன் ஒரு புள்ளைக்கு மட்டும் அந்தப் பாக்கியம்? எல்லாப் புள்ளையும் ஒரு துண்டு வெச்சுக்கட்டும். தலையில மட்டும் முழுசான ஹெல்மெட்டு இருக்கட்டும்."

புருல் விடுவாளா! "அது வயசானவங்களுக்குல்ல செய்யறது? இதுக்கு என்ன வயசு, வாங்கி ஒரு வருஷம் இருக்குமா?"

நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது சொனுன் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எம்பையன் எத்தனை வருஷம் இருப்பானோ, அத்தனை வருஷமும் அதோட வயசுதான்."

புருல் வீட்டுக்குப் போய் ஹெல்மெட்டை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

சனிக்கிழமை தார்த் தளத்தில் பெஞ்சு போட்டு, காவலாளியிடம் ரம்பம் வாங்கி, நானே அறுத்தேன். சுற்றி நின்ற பெண்கள் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டிருந்தார்கள். இரண்டாகப் பிளந்ததும் உள்ளே பார்த்தோம். அடி விழுந்த இடத்தில் விரல் தடிமன் தெர்மாகோல் அப்பளம் போல நசுங்கிக் கிடந்தது. புருல் அங்கே கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். அழுத்தியதும் அது உதிர்ந்து, விரல் நேராக வெளி ஓட்டில் போய் இடித்தது. அவள் விரலில் ஒட்டிய தூளைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொனுனிடம் சிவப்பு ஹெல்மெட்டைத் திருப்பிக் கேட்டாள். எர்மெக்குக்கு வேறொன்று அலமாரியில் தயாராக வைத்திருந்தேன்.

துண்டை சைக்கிளில் கட்டுங்கள், ஷூ நாடாவில் கோத்துக்கொள்ளுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அடுத்த வாரம் ஏழு பிள்ளைகள் அதை ஹெல்மெட்டுக்குள் சொருகிக்கொண்டு வந்தார்கள். ஏழையும் பிடுங்கினேன். ஏழு அம்மாக்களையும் கூப்பிட்டுத் திட்டினேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

ஜூன் ஒன்று. சரிவின் நடுவில் நான் விசிலோடு நின்றேன். ஜிபெக் இடது ஷூ நாடாவில் எர்மெக் ஹெல்மெட்டின் வெள்ளைத் துண்டு ஆட, என்னைக் கடந்து போனாள். "முட்டிய மடக்கு!" என்று கத்தினேன். வாய்க்காலிலிருந்து ஒரு நாய் குறுக்கே ஓடியது. குழந்தை பயந்து பின்னால் சாய்ந்தாள். தலை தார் ரோட்டில் மோதிய சத்தம் நான் நின்ற இடம் வரை கேட்டது.

ஓடினேன். அந்த முப்பது அடியில் எனக்கு வராத நினைப்பு இல்லை. பதினோரு வருஷம், பதினோரு வருஷம் என்றே காதில் அடித்தது. கிட்டே போய் மண்டியிட்டேன். ஜிபெக் கண்ணைத் திறந்தாள்.

"பின்னால சாஞ்சுட்டேன் எஜே. திட்டாதீங்க."

திட்டவில்லை. அவளை அசையவிடாமல் படுக்க வைத்து, எதிரிலிருந்த மருத்துவமனையிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டேன். டாக்டர் கண்ணில் விளக்கடித்து, கழுத்தைத் தொட்டு, கேள்வி கேட்டு, படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, இன்றைக்கு மட்டும் பார்வையில் இருக்கட்டும் என்றார். புருல் மகளின் தலையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு என்னோடு வாசலுக்கு வந்தாள். பின்பக்கம் குறுக்காக ஒரு விரிசல்.

வாசலில் ஊரே நின்றிருந்தது. அதில் ஒரு அப்பன், சட்டி என்று நக்கலடித்த அதே ஆள், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

"புருல், நீ நல்லா இருப்ப. அந்த ஹெல்மெட்ட எங்க சின்னவனுக்கு..."

எனக்குத் தலைக்கு ரத்தம் ஏறியது. வாயைத் திறந்தேன். ஆனால் புருல் ஹெல்மெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"கையை எடு. இது எம்பொண்ணுக்காகச் செத்தது," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "எஜே, அந்த ரம்பம் எங்க இருக்கு?"

நான் வாய்க்கால் விளிம்பில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து, அந்த அப்பனை ஆசை தீரத் திட்டினேன்.