சுபாஷின் தலைக்கு மேல் குமிழி

ஆடி மூன்றாம் தேதி காலை, தென்காசி பேருந்து நிலையத்தில், சுபாஷின் தலைக்கு மேல் பலாப்பழ அளவில் ஒரு வெள்ளைக் குமிழி முளைத்து, அவன் நினைப்பதை எழுத்தில் காட்டியது. முதலில் படித்தவர் ஆலங்குளம் வண்டியின் கண்டக்டர். ‘ரெண்டு பரோட்டா தின்னுட்டுப் போலாமா’ என்று இருந்ததாம், எழுத்துப்பிழை இல்லையாம்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவன் ஆறாம் வகுப்பு படித்தபோது உள்ளூர் கேபிளில் ‘சனிக்கோள் ரோந்து’ என்ற விண்வெளித் தொடர் ஐம்பத்திரண்டு வாரம் ஓடியது. இணையத்தில் தேடினால் இன்று ஒரு துண்டுகூடக் கிடைக்காது. கல்லூரிக்கு வந்ததும் சுபாஷ் அதைப் படக்கதையாக வரைந்து, ஜெராக்ஸ் எடுத்து, சீசன் நேரத்தில் குற்றாலத்தில் விற்றான். திரையில் கேப்டன் அரை நிமிடம் சும்மா முறைப்பார், பின்னால் இசை அலறும். தாளில் இசை வராது என்பதால் அங்கெல்லாம் நினைவுக் குமிழி போட்டான். விண்கலம் வரைவதைவிட அது சுலபமும்கூட. இருபத்தாறு புத்தகங்களில் தொள்ளாயிரம் குமிழிகள். ஒன்று கூடிப்போனதில் யாரும் வியக்கவில்லை. அம்மா நிர்மலாதேவி, “குமிழி வாசல் நிலையில இடிக்கும், குனிஞ்சு வாலே” என்பதோடு நிறுத்திக்கொண்டாள். செமஸ்டர் தேர்வில் அவனுக்குப் பின்னால் இடம்பிடிக்க நான்கு பேர் சண்டை போட்டார்கள். மூன்று மணி நேரமும் குமிழி வெறுமையாகவே இருந்தது.

அவன் பயந்தது ஜுஹைனாவுக்கு மட்டும். புத்தகத்துக்கு வசனம் எழுதுபவள் அவள்தான். “பத்தொம்பதாம் பாகத்துல கேப்டன் இப்பிடி அழமாட்டாருல்லா, மாத்துலே” என்று அவள் சொன்னால் மறுபேச்சின்றி மாற்றுவான். சுபாஷ் பார்த்தது மூன்று பாகங்கள் மட்டுமே. காலாண்டுத் தேர்வில் அவன் வாங்கிய கணக்கு மார்க்கைப் பார்த்து அம்மா கேபிளைப் பிடுங்கிவிட்டாள். மீதி நாற்பத்தொன்பதும் அவன் கைச்சரக்கு. தெரிந்தால் புத்தகம் நிற்கும், அவளும் போய்விடுவாள். நனைந்தால் எழுத்து கலங்கும் என்று கண்டுபிடித்து, அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஐந்தருவியில் குளித்துவிட்டே போனான். ஆறு வாரத்தில் பதினோரு தடவை ஜலதோஷம் பிடித்தது. அவனுக்குப் பக்தி முற்றிவிட்டதாக ஊரில் பேச்சு.

ஆவணி முடிந்ததும் சாரல் நின்றது. அருவியில் நூல் போலத் தண்ணீர். அன்றைக்கென்று ஜுஹைனா வந்து, “கடைசி பாகத்துல கேப்டன் செத்தாரா, இல்லையாலே? இப்பமே முடிவு பண்ணணும்” என்றாள். சுபாஷ் அவசரமாகப் பதினேழாம் வாய்பாட்டை நினைத்தான். அது அவனுக்கு மூன்று வரிதான் தெரியும். நாலாவது வரியில், ‘மூணு பாகத்துக்கு மேல நான் பாக்கவே இல்ல’ என்று கொட்டை எழுத்தில் வந்தது. ஜுஹைனா இரண்டு முறை படித்தாள். கேப்டனைப் போலவே அரை நிமிடம் முறைத்தாள். பிறகு அவள் முக்காட்டுக்கு மேல் சின்னதாய் ஒரு குமிழி எழும்பியது: ‘எங்க வீட்டுல டிவியே இல்ல.’

இருபத்தேழாம் புத்தகம் அடுத்த வாரமே வந்தது. கேப்டன் சாகவில்லை. தொடரை அப்படியே எடுத்தெழுதியிருப்பதாக வாசகர்கள் பாராட்டினார்கள். இருவரும் பேருந்தில் ஏறினால் ஆலங்குளம் கண்டக்டர், “ரெண்டு பேரும் குமிழியச் சாச்சு வச்சுக்கிடுங்க, பின்னால ஆளு நிக்கில்லா” என்று சொல்லிவிட்டு டிக்கெட் கிழிக்கப் போய்விடுவார்.