முன்சட்டம்

மூன்று மரத்துண்டுகளுக்கும் ஒரே ஸ்டெயின் சாயத்தைப் பூசித் துடைத்து, காயவைத்து, அப்பாவின் கட்டிலுக்கு எடுத்துப்போனாள் அவள். பைன், பீச், ஓக். ஒரே டப்பா, ஒரே துணி, ஒரே கை. ஆனாலும் பைன் சில இடங்களில் அதிகமாகக் குடித்து, தேமல் விழுந்தாற்போல் திட்டுத்திட்டாக நின்றது. பீச் ஒட்டியும் ஒட்டாமலும் வெளிறிக் கிடந்தது. ஓக்கில்தான் ரேகைகள் ஒவ்வொன்றும் கறுத்து எழுந்திருந்தன.

"எதுக்கு இதெல்லாம்?" என்றார் அப்பா. பக்கவாதம் இடப்பக்கத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டிருந்தது. நாக்கை மட்டும் விட்டுவைத்திருந்தது.

"அலமாரிய பிளைவுட்லதான்ப்பா செஞ்சிருக்கேன். விளிம்பு அடுக்கடுக்கா அசிங்கமாத் தெரியும். அத மறைக்க முன்பக்கம் நல்ல மரத்துல சட்டம் அடிக்கணும். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

"உள்ள ஒட்டுப்பலகை, முகத்துக்கு மட்டும் நல்ல மரம்." அவர் சிரித்தார். "உன் விஷயத்துல அதுவும் அமையல பாரு."

பள்ளியில் படிக்கும்போதே அவள் கன்னத்தில் தொடங்கிய வெள்ளைத் திட்டு இப்போது மோவாய்வரை இறங்கியிருந்தது. இந்தப் பேச்சு அவளுக்குப் புதிதில்லை. அவர் மடியிலிருந்த பைன் துண்டை எடுத்துக்கொண்டாள்.

"அப்ப ஓக் வாங்கிடவாப்பா?"

"வாங்கு வாங்கு. திட்டுத்திட்டா இன்னொண்ணு என் கண்ணு முன்னால நிக்க வேணாம்."

அப்பா கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர். தனியாக இருக்க முடியாதென்று ஆனபின் அவளுடைய சின்ன வீட்டுக்கு வந்தார். கூடவே வந்த புத்தகங்கள் பெட்டி பிரிக்காமலே பால்கனியில் கிடந்தன. வெளிநாட்டிலிருந்த தம்பி, ஞாயிறுதோறும் போனில், நல்ல அலமாரியாக வாங்கி அனுப்புகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் சொன்னதே அப்பாவுக்கு அலமாரி வந்த மாதிரிதான். கடைசியில் அவளே அளவெடுத்து, தான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் ஆள் வராத நேரங்களில் படம் போட்டு, விடுமுறைகளில் பலகை அறுக்க ஆரம்பித்தாள். அதற்கு முன் அவள் செய்திருந்தது ஒரு செருப்பு ஸ்டாண்டு மட்டும்.

மரக்கடையில் ஓக் சட்டங்களை ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு நேரே பிடித்து, கோணல் இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா, சம்பந்தம் பேச வந்த மாதிரி இந்தப் புரட்டு புரட்டுறீங்க?" என்றார். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சட்டங்களை அடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஸ்டெயின் பூசி மெழுகிட்டு முடித்த அன்று அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். மூலையில் இரண்டு சட்டங்கள் சேரும் இடத்தில் விரலை ஓட்டிப் பார்த்தாள். இணைப்பு விரலுக்குத் தட்டுப்படவில்லை. திரும்ப ஒருமுறை ஓட்டினாள். தன் கையால் இப்படியொன்று அமையும் என்று அவள் நினைத்ததே இல்லை.

மறுநாள் அப்பாவின் பழைய மாணவர் பார்க்க வந்தார். அவரும் இப்போது பேராசிரியர். உட்காருவதற்கு முன்பே அலமாரியிடம் போய்ச் சட்டத்தைத் தடவினார்.

"பிரமாதமா இருக்கே சார். யாரு செஞ்சது?"

அப்பா யோசிக்கவே இல்லை. "பையன்தான். அங்கேருந்தே சொல்லி, செஞ்சு அனுப்பினான்."

"குடுத்து வெச்சவர் சார் நீங்க."

அவள் தேநீரை நீட்டினாள். வாங்கியவரின் பார்வை, ஸ்டெயின் ஏறிப் பழுத்திருந்த அவள் நகங்களில் நின்றது. அங்கிருந்து அலமாரிக்குப் போய், பிறகு கோப்பைக்குள் இறங்கிக்கொண்டது. "சர்க்கரை சரியா இருக்கும்மா" என்றார், குடிப்பதற்கு முன்பே.

அவர் போனதும் கேட்டாள். "ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

"நீ செஞ்சேன்னு சொன்னா, ஐயோ பாவம்னு உன்னப் பாப்பான். அவன் செஞ்சான்னு சொன்னா அலமாரியப் பாப்பான். போ, போய் வெளக்கப் போடு."

அடுத்த விடுமுறையன்று பெட்டிகளை உள்ளே இழுத்து வந்தாள். அப்பா தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னார். முகத்தில் குழந்தைக் களை. "மேல்தட்டுல இலக்கணம். அதுக்குக் கீழ அகராதிங்க. படுத்தபடியே எல்லாப் பேரையும் படிக்கணும் நான்."

"சரிப்பா."

முதல் புத்தகத்தைத் தூசி தட்டித் துடைத்து, பேர் அச்சிட்ட முதுகு உள்ளே போக, தாள்விளிம்பு வெளியே தெரிய வைத்தாள். இரண்டாவதையும் அப்படியே.

"திருப்பி வெக்கிற."

அவள் மூன்றாவதைத் துடைத்தாள்.

"ஏய், காது கேக்கல? பேரு தெரியலன்னு சொல்றேன்ல!"

இரண்டாம் தட்டு நிறைந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது. "கண்ணு... இப்படி வெக்காதம்மா." அவர் அப்படி அழைத்து எத்தனையோ வருடமாயிற்று. கையில் புத்தகத்தோடு அவள் சற்று நின்றாள். பிறகு அதையும் வரிசை பிசகாமல் உள்ளே தள்ளினாள்.

"எது வேணுமோ கேளுங்கப்பா, எடுத்துத் தரேன்" என்றாள், எல்லாம் முடிந்த பின்.

தன் பழைய அகராதியைக் கேட்டார். கைக்கு வந்த ஒன்றை உருவி அவர் மார்பில் வைத்தாள். கனத்திலேயே தெரிந்துவிட்டது அவருக்கு.

"இது இல்ல."

"அப்படியா? தம்பி செஞ்ச அலமாரி. எங்க என்ன இருக்குன்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?"

அவள் சமையலறைக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கறுத்த ரேகைச் சட்டங்களுக்குள் மஞ்சளேறிய தாள்விளிம்புகள், ஓர் எழுத்தும் இல்லாமல், சுவர் நிறைய நின்றன. அப்பாவின் கண்கள் மேல்தட்டின் இடது கோடியில் தொடங்கி மெல்ல வலப்பக்கம் நகர்ந்தன. கடைசிவரை போய், கீழே இறங்கி, அடுத்த தட்டின் இடது கோடிக்கு வந்தன.