மாப்பிள்ளை வீட்டுக்காரி

பூவம்மாவுக்கு மூன்றும் பெண்கள். ஆகவே ஆயுள் முழுக்க அவள் பெண் வீட்டுக்காரி. மூத்தவர்கள் இருவர் கல்யாணத்திலும் வாசலில் பன்னீர்ச் செம்போடு கால் கடுக்க நின்றாள். காபி ஆறிப்போச்சு, பாயசத்தில் முந்திரியைக் காணோம் என்று சம்பந்தி வீட்டார் சொன்னதற்கெல்லாம் சிரித்துவைத்தாள். தானும் ஒரே ஒரு முறை அப்படி மூஞ்சியைச் சுளித்துப் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அது ஒரு பாவமா?

கடைக்குட்டி சங்கமித்ரா, ரெஜி என்கிற பெண்ணைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது பூவம்மா நாள் கணக்கில் அழுதாள். திடீரென்று ஒரு யோசனை வந்தது. இரண்டு பேரும் பெண் என்றால் மாப்பிள்ளை வீடு யார்? அழுகை நின்றுவிட்டது.

மூத்த மருமகன் எழிலன் வக்கீல். "இத்த ரிஜிஸ்டர் பண்றதுக்கு இன்னும் சட்டம் வர்ல அத்தே. ஆனா ரெண்டு பேரும் சேந்து வாழறத எவனும் தடுக்க முடியாது" என்றான். வியாசர்பாடி புத்த விகாரில் பஞ்சசீலம் சொல்லி நடத்திவைக்க விகாரைக் கவனித்துக்கொள்கிற பெரியவர் அப்பாவு ஒப்புக்கொண்டார். பாக்கி ரெஜியின் அம்மா சுகிர்தம்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, ராயபுரத்தில் பிளாஸ்டிக் குடம் மொத்த வியாபாரம் செய்கிற விதவை. பூவம்மா கடைக்கே போய் தேதியைச் சொன்னாள்.

"எங்க சபையில ஒத்துக்கிட மாட்டாவ. சட்டத்துலயும் இல்லங்காவ. பொறவு என்ன கல்யாணம்?" என்றாள் சுகிர்தம், குடங்களை அடுக்கியபடி.

"உங்க சாமி உங்க இஷ்டம்மா. அத்த கேக்க நான் யாரு? நீங்க வந்து நின்னா உங்க பொண்ணு சந்தோசப்படும், அவ்ளோதான்."

"நான் வரல."

"சர்தான். அப்ப நாங்கதான் மாப்ள வூடுன்னு ஊர்ல சொல்லிக்கினு கீறேன். பேஜாரு ஒண்ணும் இல்லியே?"

சுகிர்தத்தின் கை நின்றது. "அதெப்படி? எம்புள்ள ஹார்பர்ல கிரேன் ஓட்டுதா. நாங்கதான் மாப்பிள்ளை வீடு!"

"எம்பொண்ணு மட்டும் சும்மாவா கீது? எண்ணூர்ல இன்ஜினீரு!"

சண்டை சூடு பிடித்ததில் சபையும் சட்டமும் இருவருக்கும் மறந்தே போயின. கோபமாகக் கிளம்பிய பூவம்மாவுக்கு பஸ்ஸில் சிரிப்பாக வந்தது.

கல்யாணத்தன்று விகார் வாசல் பந்தலில், முன்வரிசை நடு நாற்காலியில் பட்டுப்புடவை சரசரக்க உட்கார்ந்தாள். காபி வந்தது. குறை சொல்ல வாயைத் திறந்தபோது தெருமுனை கண்ணில் பட்டது.

சுகிர்தம் ஆட்டோவிலிருந்து இறங்கி நின்றிருந்தாள். அழைக்காமல் மாப்பிள்ளை வீட்டார் உள்ளே வருவார்களா? கையில் பைபிளை இறுக்கிக்கொண்டு வெயிலில் நின்றாள். கூட ஒரு ஈ காக்கை இல்லை. சபையிலிருந்தும் யாரும் வரவில்லை, சொந்தத்திலிருந்தும் வரவில்லை. மாப்பிள்ளை வீடு மொத்தமும் அந்த ஒருத்திதான்.

பூவம்மாவுக்கு மனசு தாங்கவில்லை. பாழாய்ப்போன ஆசை! எழுந்து வரவேற்புத் தட்டை எடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரி அதில் வைத்திருந்த, சுகிர்தத்தின் சபையில் வழக்கமில்லாத குங்குமக் கிண்ணத்தை மட்டும் ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, பன்னீரும் கல்கண்டுமாகத் தெருமுனைக்குப் போனாள்.

"வாங்க சம்பந்தி. மாப்ள வூட்டுக்காரங்க வெயில்ல நிக்கலாமா?"

சுகிர்தம் தட்டைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "நான் எங்க ஜெபம்தான் பண்ணுவேன்."

"நல்லா பண்ணுங்க."

நடு நாற்காலியில் சுகிர்தத்தை உட்காரவைத்து, பூவம்மா தன் கையால் காபி கொடுத்தாள். ஒரு வாய் குடித்த சுகிர்தம் மூஞ்சியைச் சுளித்தாள்.

"ஆறிப்போச்சே, சம்பந்தி."

பூவம்மா வாய்விட்டுச் சிரித்தாள். வேறு காபி போடச் சொல்லி, தானே ஓடினாள்.