சமர்த்தாக இருந்த நாள்

டாக்டரின் அறையில் அணில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். அதுவே வம்பாகப் போயிற்று.

அணில் என்பது அந்தப் பதினொரு வயதுப் பெண்ணுக்கு வீட்டில் வைத்த பெயர். எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் பிடித்துக் கொறிப்பாள் என்பதால் வந்தது. இப்போது கொறிப்பதும் குறைந்து கன்னம் ஒட்டிவிட்டது. காதுகளை மூடிய பெரிய நீல ஹெட்போன், மடியில் ஒரு பொத்தான் டப்பா. நாலு துளைப் பொத்தான்களை மேசையின் ஒரு ஓரத்திலும் இரண்டு துளைப் பொத்தான்களை இன்னொரு ஓரத்திலும் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஹெட்போனில் பாட்டு எதுவும் ஓடவில்லை. உலகத்தின் சத்தத்தைக் கொஞ்சம் தூரத்தில் நிறுத்திவைக்க மட்டும் அது. கிட்டத்தில் பேசினால் கேட்கும்.

பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா, துணிக்கடை ஒன்றின் பின்னறையில் ஆல்டரேஷன் பார்க்கும் தையல்காரி. இளைத்தவர்களுக்கு இறுக்கிக் கொடுப்பதும் பெருத்தவர்களுக்குத் தளர்த்திக் கொடுப்பதும் பிழைப்பு. நல்ல ஆல்டரேஷன் என்றால் கை பட்ட சுவடே தெரியக் கூடாது என்பது அவள் கட்சி. அந்தக் கையோடுதான் மகளையும் இன்றைக்குத் தயார் செய்திருந்தாள். மனநலப் பிரிவின் படிக்கட்டு, நாற்காலி, இந்தக் கதவு எல்லாவற்றையும் முன்கூட்டியே வந்து படம் பிடித்துப்போய், தினமும் காட்டிப் பழக்கியிருந்தாள். உடம்பில் உறுத்தாமல் இருக்க, தையல்கள் வெளிப்பக்கம் வரும்படி கவுன் தைத்திருந்தாள். மினுக்கும் டியூப்லைட்டை அணைத்துவைக்கச் சொல்லி வரவேற்பு மேசையில் கெஞ்சியிருந்தாள். எல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்த ஏற்பாடு.

அதற்குக் காரணம் இருந்தது. போன முறை, ஹெட்போன் வாங்குவதற்கு முன், வந்தபோது நடையின் எதிர்ப்பக்கத்துக் கழிவறையில் யாரோ கை உலர்த்தும் மெஷினில் கையை நீட்டிவிட்டார்கள். அந்த இரைச்சலுக்கு அணில் போட்ட கூச்சல் கட்டடத்தையே உலுக்கியது. மணிக்கட்டைக் கடித்துக்கொண்டு நடையில் உருண்டாள். இதே டாக்டர்தான் கதவுக்கு வெளியே தலையை நீட்டி, "இந்த நிலைமையில என்னால ஒண்ணும் பாக்க முடியாதும்மா. அமைதியானதும் கூட்டிட்டு வாங்க" என்றார். அப்புறம் வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டியதாயிற்று. இன்னொரு தேதி குதிரைக்கொம்பாகிவிட்டது. நடுவே ஆட்டிசம் மையத்தில் போய்க் கேட்டாள். "பேசப் பழக்கணும், எழுதப் பழக்கணும்னா நாங்க இருக்கோம். சாப்பிடல, தூங்கலன்னா மனநல டாக்டரைத்தான் பாக்கணும்" என்றார்கள். வேறொரு மருத்துவமனையில், ஆட்டிசம் என்ற வார்த்தையைக் கேட்டதுமே, இது எங்கள் பிரிவு இல்லை என்று கையை விரித்தார்கள். ஆளாளுக்குப் பந்தாடிவிட்டு, கடைசியில் பிள்ளையை எல்லாரும் தாய் மடியிலேயே போட்டுவிட்டுப் போனார்கள்.

மடியும் எவ்வளவுதான் தாங்கும்? பழகிய டீச்சர் வேலையை விட்டுப் போனதிலிருந்து அணில் புருவ முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தாள். சாயங்காலமானால் அலமாரிக் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு, "வேணாம், வேணாம்" என்பாள். தையல்காரி முதலில் சாப்பாடு வேண்டாமா, விளக்கு வேண்டாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தாள். ஒருநாள் பிள்ளையே தெளிவாகச் சொல்லிவிட்டது. "நான் வேணாம்." அன்றைக்கு அலமாரிக் கதவில் பஞ்சுமெத்தை தைத்து மாட்டினாள். தைக்கத் தெரிந்தவள், வேறென்ன செய்வாள்.

"எப்படி இருக்க பாப்பா?" என்று டாக்டர் குனிந்து கேட்டார்.

"நல்லா இருக்கேன். நீங்க எப்படி இருக்கீங்க?" என்றாள் அணில், பொத்தானிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அட, பரவால்லையே!"

தையல்காரி அவசரமாக நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். பார்க்கிறவர்கள் முகம் சுளிக்கக் கூடாது என்று வருஷக்கணக்காக அவளே சொல்லிக்கொடுத்த பதில் அது. யார் கேட்டாலும், காய்ச்சலில் கிடந்தாலும், பிள்ளை அதையே சொல்லும்.

"போன தடவைக்கு இப்ப எவ்வளவோ தேவலை. வீட்லயே நல்லா பாத்துக்கிறீங்க. இப்படியே போகட்டும்" என்றார் டாக்டர். அவர் கண்கள் சிவந்திருந்தன. காலையில் கொண்டுவந்த சாப்பாட்டு டப்பா பிரிக்கப்படாமல் ஜன்னலோரம் இருந்தது.

"வீட்ல இப்படி இல்ல டாக்டர். சாயங்காலமானா 'நான் வேணாம்'னு முட்டிக்கிறா. புருவத்தைப் பிடுங்கிக்கிறா."

டாக்டர் புருவத்தைப் பார்த்தார். அழகாக, வில் மாதிரி இருந்தது. அப்போதுதான் தையல்காரிக்கு உறைத்தது. காலையில் வழக்கம்போல, பஸ்ஸில் யாரும் உற்றுப் பார்க்கக் கூடாதே என்று, மைப் பென்சிலால் அவளே வரைந்துவிட்டிருந்தாள். மணிக்கட்டின் கடித் தழும்புகளை மறைக்கக் கவுனுக்கு முழுக்கை வைத்திருந்தாள். தன் கையாலேயே எல்லாவற்றையும் மறைத்துக் கூட்டிவந்திருக்கிறாள்! கட்டைவிரலை நாக்கில் தொட்டு மகளின் புருவத்தை அழித்தாள், கவுன் கையை மேலே தள்ளித் தழும்புகளைக் காட்டினாள். அணில் முனகாமல் கையைக் கொடுத்துவிட்டு, மறு கையால் பொத்தான் அடுக்கினாள்.

"இது நிறைய பிள்ளைங்க பண்றதுதாம்மா. ஆட்டிசத்துல சேர்ந்தது. அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல. மனசுல ஏதாவதுன்னாதான் நான்."

"மனசு வேற, ஆட்டிசம் வேறயா டாக்டர்? எனக்கு ஒரே பிள்ளைதானே?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "இங்க நாங்க ரெண்டு பேர்தான். கை மீறிப்போன பிள்ளைங்களுக்கே இடம் இல்ல. நீங்க சொல்றதை நம்பாம இல்ல. ஆனா நான் கண்ணால பாக்கிறதைத்தானே எழுத முடியும்?"

யாரோ கதவைத் தட்டிக் கூப்பிட்டார்கள். "ஒரு நிமிஷம்" என்று டாக்டர் எழுந்து போனார். கதவு பாதி திறந்தபடி நின்றது. நடைக்கு அப்பால் கழிவறைக்குள் ஒருவர் நுழைவது தெரிந்தது.

கண்ணால் பார்க்க வேண்டுமாம். கூச்சல் போட்டால் பார்க்க முடியாது, சமர்த்தாக இருந்தால் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. எந்தக் கதவைத் தட்டுவது? எரிச்சலில் அவளுக்குக் கண் கலங்கியது. எதிரே தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. குழாய்க்கு அப்புறம் மெஷின்தான். இந்த ஹெட்போனைக் கழற்றினால் போதும். அலமாரிக் கதவில் கேட்கும் அந்த வார்த்தையை அவரும் ஒரு தடவை கேட்கட்டுமே. கேட்டால் எழுதுவார். இல்லை, அமைதியானதும் கூட்டிட்டு வாங்க என்று மறுபடியும் சொல்வார். சொல்லவும் கூடும். வீட்டுக்குப் போனாலோ சாயங்காலம் காத்திருக்கிறது.

தண்ணீர் நின்றது. டாக்டரின் செருப்புச் சத்தம் நடையில் திரும்பி வந்துகொண்டிருந்தது.

தையல்காரியின் கை எழுந்து ஹெட்போனைத் தொட்டது. அதைத் தொட வேறு யாரையும் அணில் விடமாட்டாள். படுக்கப்போகும்போது அம்மாதான் கழற்ற வேண்டும், அது அவர்களுக்குள் வழக்கம். கை பட்டதும் அணில் எடுத்த பொத்தானை டப்பாவில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, அம்மாவுக்குக் கழற்ற வசதியாகத் தலையை அந்தப் பக்கமாகச் சாய்த்துக் கொடுத்தாள்.