வந்து சேர்கிற ரயில்

வட இங்கிலாந்தில், மலை இடுக்கில் கிடக்கும் தோர்ன்பெக் ஊரில் அக்டோபர் பிறந்துவிட்டால் மழை வந்து குடியேறிவிடும். கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழை என்றால் பரவாயில்லை. இது பெய்யவும் மனமில்லாமல், போகவும் மனமில்லாமல் கடைவீதி முழுக்கத் தொங்கிக்கொண்டே இருக்கும். பிற்பகலிலேயே விளக்குப் போட வேண்டும். நகப்பூச்சுக் கடை, மின்சிகரெட் கடை, பழைய துணி விற்கிற தர்மக் கடை, மறுபடியும் ஒரு மின்சிகரெட் கடை. அதற்கு அடுத்த கடையின் கண்ணாடி ஜன்னலில் மட்டும் ஒரு ரயில் ஓடிக்கொண்டிருக்கும்.

உள்ளங்கையில் அடங்குகிற இன்ஜின். பின்னால் இரண்டு பெட்டிகள், பெட்டிக்குள் மஞ்சள் விளக்கு. அட்டைப் பஞ்சாலைக்குப் பின்னாலிருந்து கிளம்பி, மலைக் குகைக்குள் நுழைந்து, வெளியே வந்து, கண்ணாடியை ஒட்டியிருக்கிற சின்னஞ்சிறு நடைமேடையைக் கடந்து திரும்பவும் பஞ்சாலைக்குப் போகும். அது ஓடுகிற முனகலைக் கேட்டால் கடைக்காரி ஹிலரிக்குக் கண் சொருகும். தேநீர்க் கோப்பை கையிலேயே ஆறிப்போகும். பெட்டிக்குள் யாரோ உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் தன்னைப் பார்ப்பதுபோல இருக்கும். ஒருமுறை அரைத் தூக்கத்தில் அவர்களுக்குக் கையசைத்தும் இருக்கிறாள். கடையில் அப்போது ஆளில்லை என்பதால் மானம் பிழைத்தது.

அந்தக் குட்டி ரயில் கடையைத்தான் இந்த மாதக் கடைசியோடு மூடப்போகிறாள். கதவில் எழுதி ஒட்டியும் ஆயிற்று. வாடகை ஏறிவிட்டது. வாங்குகிறவர்கள் சோபாவில் படுத்தபடியே போனில் வாங்கிக்கொள்கிறார்கள். கடைக்கு வருகிறவர்கள் வருவது வாங்குவதற்கு இல்லை. ஓட்டுவதற்கு, அதைவிட முக்கியமாக, ஒளித்துவைப்பதற்கு.

ஒளித்துவைப்பது என்றால் வேறொன்றுமில்லை. கடையின் பின்னறையில் ஓர் அலமாரி. அதில் அடுக்கடுக்காக நீலப் பெட்டி, சிவப்புப் பெட்டி, எல்லாவற்றுக்குள்ளும் இன்ஜின். எல்லாம் விற்றுப்போனவை. வாங்கிய ஆண்கள் வீட்டுக்கு எடுத்துப்போகப் பயந்து, "இங்கேயே இருக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுப்போனவை. மனைவி கேட்டால் என்ன சொல்வது? ஏற்கெனவே கட்டிலுக்கடியில் இருப்பவற்றைப் பற்றியே ஒரு பதிலும் கிடையாது. அதனால் வெள்ளி, சனிக்கிழமைகளில் வருவார்கள், தங்கள் பெட்டியைக் கேட்பார்கள், ஜன்னல் தண்டவாளத்தில் ஓட்டுவார்கள், பெட்டிக்குள் திருப்பிவைத்துவிட்டு நல்ல பிள்ளைகளாக வெறுங்கையோடு வீடு திரும்புவார்கள். ஹிலரியும் ஒரு மனைவியிடமும் மூச்சு விட்டதில்லை. ரொட்டிக் கடையில் அந்தப் பெண்களோடு வரிசையில் நிற்கும்போது வானிலையைத் தவிர வேறு எதையும் பேசமாட்டாள்.

மூடுவது என்று ஆனபிறகு பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். முதலில் டெரிக் ஓக்டனைக் கூப்பிட்டாள். ஓய்வுபெற்ற பல் டாக்டர். ஊரையே வாயைத் திற என்று அதட்டியவர்.

"வீட்டுக்கா?" என்றார் டெரிக். முகம் வெளுத்துவிட்டது.

"பின்ன? என் கூடவா வரும்?"

"ஹிலரி, கொஞ்சம் யோசிச்சுப் பாரு. நான் இதைத் தூக்கிட்டு உள்ள போனா ஷீலா என்ன நினைப்பா?"

"ரயிலுன்னு நினைப்பாங்க."

"கிண்டல் பண்ணாத. ஒண்ணா ரெண்டா? அவ என்னை இத்தனை வருஷமா நம்பிட்டு இருக்கா."

"நம்புற மாதிரி நடந்திருக்கணும் டெரிக். வேணும்னா கார் பின்னாடி போட்டுக்க, மேல கம்பளி போத்திக்க."

"கம்பளியை எடுத்தா அவ கேப்பாளே" என்று டெரிக் தலையில் கைவைத்துக்கொண்டார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு நழுவினார். மற்றவர்களும் அதே கதைதான். ஒருவருக்கு முதுகுவலி வந்தது, இன்னொருவருக்குக் கார் பழுதானது. அலமாரி அப்படியே நிறைந்து நின்றது.

ஆனால் ஹிலரியை உறுத்தியது இவர்கள் பெட்டியெல்லாம் இல்லை. கீழ்த்தட்டில் தனியாக ஒரு பச்சைப் பெட்டி இருந்தது. வில்ஃப் கிரிம்ஷாவுடையது. வில்ஃப் போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது.

வில்ஃப் தபால்காரராக இருந்தவர். வெள்ளிக்கிழமைதோறும் வருவார். கறுப்பு நிறத்தில் ஒரே ஒரு குட்டி இன்ஜின், வேறு எதுவும் வாங்கியதில்லை. அதைத் தண்டவாளத்தில் வைக்கிற விதத்தைப் பார்த்துக் கடையே சிரிக்கும். புகைபோக்கி பின்னால், நிலக்கரித் தொட்டி முன்னால். அதாவது இன்ஜின் முதுகைக் காட்டிக்கொண்டு, பின்னோக்கியே வரும்.

"வில்ஃப், உன் இன்ஜின் திரும்பி உக்காந்திருக்கு" என்பார் டெரிக்.

"என் ரயில், என் சட்டம்" என்பார் வில்ஃப். அந்தக் கடையில் அதற்கு மேல் மேல்முறையீடு கிடையாது. கண்ணாடியோர நடைமேடையில் அதை நிறுத்துவார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு பெட்டிக்குள் வைத்துவிட்டு, "என் வீட்டுக்காரிக்குத் தெரிய வேணாம், கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போவார். உலகத்தை விட்டுப் போகும்போதும் அதையே சொல்லிவிட்டுத்தான் போனார் என்று ஹிலரிக்குத் தோன்றும். ஆள் போய்விட்டால் வாக்கும் போய்விடுமா? டோரீன் கிரிம்ஷாவிடம் போய், "உங்கள் கணவர் இத்தனை வருஷமாக ஒன்றை மறைத்தார், இந்தாருங்கள்" என்று நீட்ட அவளுக்குக் கை வரவில்லை.

இன்ஜினைச் சும்மா வைத்தாலும் கெட்டுப்போகும். உள்ளே கிரீஸ் இறுகிவிடும். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் வில்ஃபின் இன்ஜினை அவளே ஓட்டினாள். ஒரு மரியாதைக்காக அதை நேராகத் திருப்பியும் வைத்தாள். செத்துப்போனவரை இனியும் யாரும் கேலி பண்ண வேண்டாம் என்று புகைபோக்கியை முன்னால் வைத்து, நடைமேடையில் நிறுத்தாமல், சீராகச் சுற்றவிட்டாள்.

கடைசிக்கு முந்தின வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் விட்டிருந்தாள். கண்ணாடியில் ஆவி படிந்து தெருவே பாலில் கரைந்தாற்போல இருந்தது. குட்டி இன்ஜின் குகைக்குள் போவதும் வருவதுமாக இருக்க, ஹிலரி கண்ணை மூடியும் மூடாமலும் உட்கார்ந்திருந்தாள். ஊரின் பழைய ரயில் நிலையம் இருந்த இடத்தில் இப்போது டயர் கடை. அந்த டயர்களுக்கு நடுவே புகை வருவதுபோலவும், பனிக்குள் யாரோ கதவைச் சாத்துவதுபோலவும் இருந்தது. மணி அடித்தது. கடைக் கதவு மணி.

டோரீன் கிரிம்ஷா நின்றிருந்தாள். எதிர்ப்புறம் இருக்கிற பேருந்து நிறுத்தத்திலிருந்து நேராக வந்திருக்கிறாள். தலையில் பிளாஸ்டிக் மழைத்தொப்பி, கையில் பின்னல் பை. ஹிலரி பதறி எழுந்தாள். விசையை அணைக்கப் போன கை பாதியிலேயே நின்றது. ஜன்னலில் வில்ஃபின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"கதவுல ஏதோ எழுதிப் போட்டிருக்கியே, நெசமா?" என்றாள் டோரீன்.

"நெசந்தான், மிஸஸ் கிரிம்ஷா. மாசக் கடைசியோட."

டோரீன் ஜன்னல் பக்கம் போனாள். இன்ஜின் ஒரு சுற்று வருகிறவரை குனிந்து பார்த்தாள்.

"நீ தப்பா ஓட்டுற, கண்ணு."

"என்னங்க?"

"ரெண்டு வருஷமாப் பார்க்கிறேன், தப்பாவே ஓட்டுற. அவர் இதைப் பின்பக்கமா வெப்பார். அந்தக் காலத்துல நம்ம ஊர் ரயிலுக்கு மேல, பஞ்சாலைகிட்ட, இன்ஜினைத் திருப்ப எடம் கிடையாது. காலையில மூஞ்சியைக் காட்டிட்டுப் போகும், சாயங்காலம் முதுகைக் காட்டிட்டு வரும். நான் பதினாறு வயசுல அந்தப் பஞ்சாலையில வேலை பார்த்தேன். கீழ ஸ்டேஷன்ல அவர் சைக்கிளோட நிப்பார். முதுகைக் காட்டிட்டு வர்ற இன்ஜின்னா அதுல நான் இருக்கேன்னு அர்த்தம்."

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் ஹிலரி.

"தெரியாம? பெரிய ஊருக்குக் கம்பளி நூல் வாங்கப் போறேன்னு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அந்த பஸ் ஸ்டாப்புல எதுக்கு நிக்கிறேன்? ஒரு பஸ்ஸை விட்டுட்டு அடுத்த பஸ்லதான் ஏறுவேன். நான் நிக்கிறது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்கிறதும் தெரியாது." சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. "நீ ஓட்டுறப்போ அது எந்நேரமும் போயிட்டே இருக்கு. வரவே மாட்டேங்குது. நிறுத்தவும் மாட்டேங்கற. அவர் நிறுத்துவார். நான் இறங்கணும்ல?"

ஹிலரி அழுதாள். நல்லது செய்வதாக நினைத்து, இரண்டு வருஷமாக ஒரு கிழவியை இறங்கவிடாமல் ஊரைச் சுற்றவைத்திருக்கிறோமே என்று அழுதாள். பின்னறைக்குப் போய்ப் பச்சைப் பெட்டியைக் கொண்டுவந்து, இன்ஜினை அதில் வைத்து நீட்டினாள்.

டோரீன் அதைத் தொடவேயில்லை.

"வீட்டுக்குக் கொண்டுபோய் நான் என்ன பண்ண? அலமாரியில நிக்கவெச்சா அது பொம்மை. இங்க இருந்தாத்தான் ரயிலு. நீ கடையை மூடக் கூடாது."

"நானா ஆசைப்பட்டு மூடுறேன்? தனியாளா வாடகை கட்ட முடியல, மிஸஸ் கிரிம்ஷா."

"தனியாளா எதுக்குக் கட்டுற? நூல் கடைக்காரி கடையைக் காலி பண்ணிட்டுப் போனதிலேருந்து பின்னல் போடுற எங்களுக்கு நூலுக்கும் வழியில்ல, உக்கார எடமும் இல்ல. தேவாலய ஹால்ல கூரை ஒழுகுது. முன்பக்கம் பாதியை எங்களுக்குக் குடு. பாதி வாடகை எங்களது. ஷீலா ஓக்டனுக்குக் கணக்கு வழக்கு நல்லா வரும்."

"ஷீலாவா!" ஹிலரி தன்னையறியாமல் பின்னறையைத் திரும்பிப் பார்த்தாள்.

"பயப்படாத. அவளுக்கு டெரிக்கோட பெட்டி எந்தத் தட்டுல இருக்குன்னுகூடத் தெரியும். எல்லாருக்கும் எல்லாம் தெரியும்."

"அப்ப ஏன் ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டுத் தொலைச்சா, தெரிஞ்சுபோச்சேன்னு அத்தனையையும் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துடுவாங்களே! சாப்பாட்டு மேசை மேல தண்டவாளம் போடுவாங்க. நீ கதவுல எழுதி ஒட்டின அன்னிக்கிலேருந்து இந்த ஊர்ல எந்தப் பொம்பளைக்கும் தூக்கம் இல்ல."

கதவில் ஒட்டியிருந்ததை டோரீனே கிழித்தெடுத்துப் பின்னல் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

நவம்பரில் கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை வந்தது: நூலும் ரயிலும். முன்பக்கம் கம்பளி நூல் கண்டுகள், வட்டமாக நாற்காலிகள், தட்டில் இஞ்சிக் கேக். ஜன்னலில் யாரோ பின்னிவைத்த ஆடுகள் மலைச்சரிவில் மேய்ந்தன. இன்ஜினைவிடப் பெரிய ஆடுகள். அளவு பொருந்தவில்லை என்று டெரிக் ஒரு வாரம் புலம்பினார். "எங்க ஆடு, எங்க சட்டம்" என்றாள் ஷீலா. அவர் பெட்டியை எடுக்கப் பின்னறைக்குப் போகும்போதெல்லாம் அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு பின்னல் கண்ணிகளை எண்ணினாள். இன்றுவரை அவர் பிடிபடாமல் தப்பித்துக்கொண்டிருப்பதாகத்தான் நினைக்கிறார். கடை அடுத்த ஆண்டும் இருக்குமா என்று ஹிலரி உறுதியாகச் சொல்லமாட்டாள். இந்த மாத வாடகை கட்டியாயிற்று என்று மட்டும் சொல்வாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. மழை தொங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் பேச்சை நிறுத்தவில்லை, ஊசிகள் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. ஹிலரி பச்சைப் பெட்டியைத் திறந்து இன்ஜினைத் திருப்பிவைத்தாள், நிலக்கரித் தொட்டி முன்னால் வருகிற மாதிரி. டோரீன் மட்டும் எழுந்து மழைத்தொப்பியை மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்டீங்க? இங்கேருந்தே பார்க்கலாமே" என்றாள் ஹிலரி.

"இங்கேருந்து பார்த்தா அது என்னை விட்டுட்டுப் போகும். அங்கேருந்து பார்த்தாத்தான் வரும்."

எதிர்ப்புற நிறுத்தத்தில் போய் நின்றாள். மழைப் புகையில் ஆள் ஒரு கோடாகத்தான் தெரிந்தாள். பேருந்து வந்து அவளை மறைத்தது. ஹிலரி விசையில் கைவைத்துக் காத்திருந்தாள். பேருந்து நகர்ந்தது, கோடு அங்கேயே இருந்தது.

ஹிலரி விசையைத் திருகினாள். பஞ்சாலைப் பக்கமிருந்து குட்டி இன்ஜின் கிளம்பி, குகைக்குள் மறைந்து, முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணாடியை நோக்கி வந்தது. டெரிக் கண்ணாடியில் படிந்திருந்த ஆவியைக் கையால் துடைத்துவிட்டார். நடைமேடை வந்ததும் ஹிலரி மெல்ல மெல்ல விசையைக் குறைத்தாள். ரயில் நின்றது. இரண்டு பெட்டிகளிலும் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

தெருவுக்கு அந்தப் பக்கம் டோரீன் குனிந்து பையை எடுத்தாள். இடமும் வலமும் பார்த்து, நிதானமாகத் தெருவைக் கடந்தாள். கடை மணி அடித்தது.

"வந்துட்டேன்" என்றாள். "தேத்தண்ணி போடு, கண்ணு."