கல்லுக்குப் பின்னால் எத்தனை பேர்

குடும்பப் பதிவேட்டு எழுத்தர் விண்ணப்பத்தைத் திருப்பித் தள்ளிவிட்டார்.

"நீயும் பியோன் வம்சம், அவரும் பியோன் வம்சம். பூர்வீக ஊரும் ஒண்ணு. அப்படின்னா சட்டம் கல்யாணத்துக்கு விடாது. அண்ணன் தங்கச்சிக்கு எவன்மா கல்யாணம் பதிவான்?" என்று பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

மல்சுனுக்குச் சிரிக்கிற நிலைமை இல்லை. வயிற்றில் மூன்று மாதம். அவளைக் கட்டிக்கொள்ளப் போகும் கிபோமைத் தவிர யாருக்கும் தெரியாது. கல்யாணம் பதிவாகாவிட்டால், முறைகேடாய்ப் பிறந்தது என்றுதான் பிள்ளையின் பெயர் பதிவேட்டில் ஏறும். அது வேலை தேடிப் போகும் இடமெல்லாம் அந்தக் காகிதமும் கூடவே போகும்.

வம்சப் புத்தகம் சொல்வது இதுதான்: மலைமேல் புதைந்திருக்கும் பெரியவருக்கு நான்கு மகன்கள். மூத்தவர் வழியில் கிபோம், நாலாமவர் வழியில் மல்சுன். அப்பா அந்தப் புத்தகத்தைப் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருக்கிறார். சந்தேகம் வந்து மல்சுன் வம்சச் சங்கத்துக்குப் போனாள். அங்கே ஏடுகளைக் காக்கும் கிழவர் மூக்குக்கண்ணாடி வழியாக அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"புத்தகத்தையா நம்பறே? ஒவ்வொரு தடவை அச்சுக்குப் போகும்போதும் எவனாவது உள்ள நுழைஞ்சிருக்கான். அதுக்கு முன்னாடி வெட்டின கல்லறைக் கல்லைப் பாரு. பின்பக்கம் மகன்கள் பேர் இருக்கும். பாத்துட்டு எங்கிட்ட வந்து சொல்லாதே, தாயி. எனக்குத் தெரிஞ்சா நான் ஏட்டுல திருத்தி எழுதியாகணும்."

அவள் வழியெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கல்லில் நான்கு பேர் இருந்தால் கிபோமைக் கட்ட முடியாது. மூன்று பேர் இருந்தால் அப்பாவுக்கு வம்சம் இல்லை.

அறுவடைத் திருநாளுக்கு முன் கல்லறைப் புல்லை வெட்டுவது வழக்கம். அந்த ஆண்டும் அப்பா ஹக்சு அரிவாளோடு முன்னே ஏற, அரிசிக் கள்ளும் அரிசி கழுவிய தண்ணீர்ப் புட்டியும் எடுத்துக்கொண்டு மல்சுன் பின்னே ஏறினாள். அந்தத் தண்ணீரைச் சின்ன வயதிலிருந்தே சுமக்கிறாள். படையலில் சேர்ந்தது என்றே நினைத்திருந்தாள். கல்லின் பின்பக்கத்தை எப்போதும் அப்பாதான் பார்த்துக்கொள்வார். அந்தப் பக்கம் பாம்பு இருக்கும் என்பார்.

அப்பா கல்லறை மண்மேட்டின் அந்தப் பக்கம் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தபோது அவள் கல்லுக்குப் பின்னால் போனாள். பாம்பு ஒன்றும் இல்லை. விரற்கடை கனத்துக்குப் பச்சைப் பாசிதான் இருந்தது. முன்பக்கம் துடைத்து வைத்தாற்போல் இருக்க, இங்கே மட்டும் எப்படி இவ்வளவு பாசி? நகத்தால் சுரண்டினாள். மூத்த மகன். இரண்டாம் மகன். மூன்றாம் மகன். அதற்குக் கீழே வெட்டுப்படாத வெறும் கல்.

புல் வெட்டும் சத்தம் நின்றிருந்தது. அது எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பினாள். இரண்டடி தள்ளி அப்பா அரிவாளோடு நின்றிருந்தார். பெற்ற தகப்பனைப் பார்த்து அவள் அப்படிப் பயந்தது அதுதான் முதல் தடவை.

"எண்ணிட்டியா?"

"மூணு பேர்தான்ப்பா."

"எனக்குப் பன்னெண்டு வயசுல எங்கப்பா எண்ண வெச்சாரு. எங்க தாத்தா உப்பு மூட்டை சுமந்தவராம். அச்சுக்காரனைப் பிடிச்சு உள்ள நுழைஞ்சுட்டாராம். அரிசித் தண்ணி ஊத்தினா பாசி செழிப்பா வளரும், விடாம ஊத்துடான்னாரு. நாப்பது வருஷமா ஊத்தறேன்."

மல்சுன் மண்டியிட்டாள். "வயித்துல மூணு மாசம்ப்பா. கிபோமோடது. பூர்வீகம் தப்புன்னு கோர்ட்டுல மனுப் போடணும். உங்க கையெழுத்து முத்திரை வேணும்."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "கோர்ட்டுக்குப் போனா சொந்தம் முழுக்கத் தெரிஞ்சிடும். அடுத்த மாசம் திருநாளுக்கு இங்க வரிசையா நின்னு கும்பிடுவாங்க. நான் எங்க நிப்பேன்?"

காற்றில் பைன் மரத்து ஊசியிலைகள் உதிர்ந்தன. அரிவாள் அவர் கையிலேயே ஆடிக்கொண்டிருந்தது.

பிறகு அவர் அவளைத் தாண்டிப் போய்க் கல்லின் பின்பக்கத்தில் உட்கார்ந்தார். அரிவாளின் முனையால் பாசியைச் சீவத் தொடங்கினார். பட்டை பட்டையாக அது மடியில் விழுந்தது.

"என்னப்பா பண்றீங்க?"

"கோர்ட்டுக்காரன் போட்டோ கேப்பான். எழுத்து தெளிவா விழணும்ல."

கல் சுத்தமாகிவிட்டது. பாதி வெட்டிய புல்லையும் அவரே வெட்டி முடித்தார். வழக்கப்படி கிண்ணத்தில் கள்ளை ஊற்றி மண்மேட்டைச் சுற்றித் தெளிக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நம்ம சொந்தப் பெரியவரு எங்க புதைஞ்சு கிடக்காரோ," என்றார்.

கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி எதிரே இருந்த மலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கள் விளிம்பு தாண்டி அவர் விரல்களில் வழிந்துகொண்டிருந்தது.